மீட்டர் பிரிவுக்கு முளைத்த இறக்கை

குடிநீர் வாரியத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் பெயர். வால்வுப் பிரிவில் இருப்பவர் வால்வு சார், குழாய்ப் பிரிவில் இருப்பவர் பைப்பு சார், வீட்டு மீட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் மீட்டர் சார். இந்த வரிசையில் புகார்ப் பிரிவில் இருந்த நம்முடைய ஆளுக்குப் புகார் சார் என்று பெயர் அமைந்தது அவர் செய்த குற்றமில்லை. ஆனால் பொருத்தமாகத்தான் அமைந்தது. அவருக்கு இந்த உலகத்தின் மேல் ஏகப்பட்ட புகார் உண்டு. அதில் முக்கால்வாசி மீட்டர் சாரைப் பற்றியது.

மீட்டர் சார் வேறு யாருமில்லை, அவருடைய சகலைதான். அக்காவை அவர் கட்டினார், தங்கையை இவர் கட்டினார். இருவருக்கும் ஒரே வாரியம், ஒரே மாடி, ஒரே பதவி. இதற்கு மேல் ஒரு மனிதன் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இருக்க விட்டால்தானே. மீட்டர் சாரின் மேசை ஜன்னலோரம் இருந்தது, புகார் சாரின் மேசை கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது. மீட்டர் சாரின் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது, இவருடையது சத்தம் மட்டும் போட்டது. மீட்டர் சாருக்குத் தலைமுடி அப்படியே அடர்த்தியாக இருந்தது. இவருடைய தலையைப் பற்றிப் பேசுவது இவருக்குப் பிடிக்காது, ஆகையால் நாமும் பேச வேண்டாம்.

இவ்வளவு வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் புகார் சாருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. வாரியம் ஒரு செல்போன் செயலி வைத்திருந்தது. பொதுமக்கள் அதைத் திறந்து, வேண்டிய பிரிவின் முதல் எழுத்தை அடித்தால் பிரிவின் பெயர் வரும். பெயரைத் தொட்டால் அந்தப் பிரிவில் இருப்பவரின் போன் அடிக்கும். அந்தத் திரையில் ஜன்னலோரமும் கிடையாது, கழிவறை வழியும் கிடையாது. எல்லாப் பெயரும் ஒரே கறுப்பில், ஒரே அளவில், அகர வரிசையில் அடுக்கியிருக்கும். ப முந்தி வரும், ம பிந்தி வரும். அதாவது புகார் மேலே, மீட்டர் கீழே. உலகத்தில் அவர் சகலைக்கு மேலே இருந்த ஒரே இடம் அதுதான். மனசு சரியில்லாத போதெல்லாம் செயலியைத் திறந்து அந்த இரண்டு வரிகளைப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

அந்த ஆறுதலுக்கும் ஆபத்து வந்தது.

தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. அவருடைய மகள் அப்பாவின் போனை வாங்கி, தலைவர் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் கிரீடம் வைத்து, ♛ தலைவர் ♛ என்று ஆக்கிக் கொடுத்தாள். அவளுக்கு அது விளையாட்டு. தலைவருக்கு அது விளையாட்டாக இல்லை. அன்று முழுக்க அவர் கண்ணாடி பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீடம் தனியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று மறுநாள் துணைத் தலைவர் தன் பெயருக்கு நட்சத்திரம் வைத்தார். அதற்கடுத்த நாள் ஆளாளுக்கு வைக்கப் பார்த்தார்கள். தலைவர் உடனே கூட்டம் போட்டார்.

"அழகு தானா வளந்தா அது களை. நாம வளத்தா அது தோட்டம். தோட்டம்னா தோட்டக்காரன் வேணும்" என்றார்.

தோட்டக்காரர் தேடப்பட்டார். தொட்டிகளில் படியும் வண்டலை அள்ளும் பிரிவு ஒன்று இருந்தது. அதை மூடி, அதன் அதிகாரியை அலங்கார அதிகாரி ஆக்கினார்கள். வண்டல் பாட்டுக்குப் படிந்தது. அலங்கார அதிகாரி மும்முரமாக இறங்கினார். உலகத்து மொழிகளின் எழுத்துகளையெல்லாம் கணினிக்காக அடுக்கி எண் போட்ட பெரியவர்கள், கூடவே நட்சத்திரம், பூ, குடை, கத்தரிக்கோல் என்று கண்டதையும் சேர்த்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்து மாதிரியே நடந்துகொள்ளும் இந்தப் படங்களை அதிகாரி ஒவ்வொன்றாக அலசி, தரம் பிரித்தார். கீழ்நிலைக்குப் புள்ளி, அதற்கு மேல் நட்சத்திரம், அதற்கு மேல் பூ. எல்லாவற்றுக்கும் மேலே ꧁ ꧂ என்ற இறக்கை. அந்த இறக்கை உண்மையில் எங்கோ ஒரு மொழிக்காரர்கள் தலைப்பின் ஓரத்தில் போடுகிற குறி. அவர்களை யாரும் கேட்கவில்லை. கிரீடம் தலைவருக்கு மட்டும்.

முதல் வாரமே மீட்டர் சாருக்கு நட்சத்திரம் கிடைத்தது. காரணம் கேட்டதற்கு, "ஜன்னல் வெளிச்சத்துல அவரு பொருத்தமா தெரியறாரு" என்றார் அலங்கார அதிகாரி. புகார் சார் செயலியைத் திறந்து பார்த்தார். செயலிக்கு நட்சத்திரம் என்றால் எழுத்துகளுக்கு முன்னால் வருவது. ★ மீட்டர் பிரிவு ★ எல்லா எழுத்துகளையும் தாண்டி உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. புகார்ப் பிரிவு எங்கோ கீழே கிடந்தது. அன்று தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

வாரியம் கொடுத்த அலங்காரத்தைக் குடும்ப உபயோகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. மீட்டர் சார் அதை விடுவாரா? மாமனார் வீட்டு வாட்சப் குழுவில் அன்று சாயந்திரமே நட்சத்திரத்தோடு வந்து, "அனைவருக்கும் வணக்கம்" என்றார். வணக்கம் சொல்ல வேறு வேலை எதுவும் அவருக்கு அன்று இருந்திருக்க முடியாது.

புகார் சார் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி போனை நீட்டினாள்.

"அத்தான் பேருக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் மின்னுது. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க பேரு?"

"எங்கயும் போகல. அங்கதான் இருக்கு."

"இருக்கு, இருக்கு. மொட்டையா இருக்கு."

அவள் பெயரைத்தான் சொன்னாள். ஆனால் அவருடைய கை தானாகத் தலைக்குப் போனது. அதே நேரம் குழுவில் மாமனார் எழுதியிருந்தார்: "மூத்த மாப்பிள்ளைக்கு வாழ்த்துகள். இளைய மாப்பிள்ளை எப்போது?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் அவரிடம் எதையும் இவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை.

அப்போதே முடிவு செய்தார். சகலைக்கு நட்சத்திரம் என்றால் எனக்குப் பூ. வந்த பிறகுதான் மறுவேலை.

ஒரு விடுமுறை நாளில் அவர் இணையத்தில் ஒரு கடையைக் கண்டுபிடித்தார். கடை என்றால் விற்கிற கடையில்லை, சும்மா கொடுக்கிற கடை. ஒரு கட்டத்தில் உங்கள் பெயரை வெறுமனே அடித்தால், கீழே அதே பெயர் விதவிதமாக உடுத்திக்கொண்டு வரிசையாக வந்து நிற்கும். பிடித்ததைத் தொட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தன் பெயர் இவ்வளவு லட்சணமாக இருக்க முடியும் என்று புகார் சாருக்கு அதுவரை தெரியாது. சாப்பாட்டையும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அடக்கமாக, இதழ் விரிந்த ஒரு பூவை எடுத்து, ❀ புகார்ப் பிரிவு ❀ என்று செயலியில் ஏற்றினார். வேலை முடிந்ததும் மீட்டர் பிரிவுக்குப் பக்கத்திலேயே தன் பெயர் போய் உட்கார்ந்ததைப் பார்த்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். பூவுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் நெகிழ்ந்துபோனார். பிறகுதான் தன் நாற்காலியின் மேல் ஒரு மலர்வளையம் சாத்தியிருப்பதைக் கவனித்தார்.

பதவிக்குக் கொடுக்கிற பூ வேறு. அவர் எடுத்த அந்தப் பூ, பணியில் இருக்கும்போது மறைந்தவர்களுக்கென்று வாரியம் ஒதுக்கி வைத்த பூ.

மீட்டர் சார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சகலை, காலையில செயலியைப் பாத்ததும் பதறிட்டேன். உடனே உங்களுக்காக ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் மௌனமா நின்னேன்."

"நேத்துதான் உங்க வீட்ல டீ குடிச்சேன் சகலை."

"அதான், அதான். நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாருன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லி அழுதேன்."

அலங்கார அதிகாரியின் அறையில் விசாரணை நடந்தது. வண்டல் அள்ளுகிற காலத்தில் யாரும் தன் அறைக்கு வராத குறையை அவர் இப்போது தீர்த்துக்கொண்டிருந்தார். எதிரே புகார் சாரை நிற்க வைத்தார்.

"நான் உயிரோடதான் சார் இருக்கேன்" என்றார் புகார் சார்.

"அது எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சா போதுமா? பூவுக்குத் தெரியணுமே."

"பூவை எடுத்துடறேன் சார்."

"எடுத்தா என்ன அர்த்தம்? செத்தவர் திரும்பி வந்தார்னு அர்த்தம். அதுக்கு நம்ம விதியில இடமில்ல. இன்னிக்கு நீங்க வருவீங்க, நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நாற்காலிக்கு எங்க போறது?"

"சார், அழகா இருந்துதேன்னு வெச்சேன்."

"அழகா இருக்குன்னு வெக்கறதுக்கா அலங்காரம் இருக்கு?" அதிகாரி உண்மையிலேயே புண்பட்டுப்போனார். "அலங்காரம் எதுக்குன்னா, அது இல்லாதவன் யாருன்னு தெரியறதுக்கு."

முடிவில் ஒரு வழி பிறந்தது. புகார் சார் மறையவில்லை, மறதியாக இருந்துவிட்டார் என்று விதியை வளைத்து, அவரை உயிரோடு இருப்பவர் கணக்கில் திரும்பச் சேர்த்தார்கள். அனுமதியில்லாமல் பூ வைத்ததற்குத் தண்டனையும் உண்டு. மறு உத்தரவு வரும்வரை புகார்ப் பிரிவின் பெயரில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. அப்பழுக்கில்லாத மொட்டை. இரங்கல் சொல்லிக் குழுவில் நான்கு வரி எழுதியிருந்த மாமனார், விஷயம் தெரிந்ததும் அதை அழித்தார். மனைவிதான் விடவில்லை.

"செத்தப்பவாவது ஒரு பூ இருந்துது. இப்ப அதுவும் இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு வாரியத்தில் அலங்காரம் தறிகெட்டு ஓடியது. வால்வு சாருக்குப் பூ வந்தது, பைப்பு சாருக்கு நட்சத்திரத்தோடு குடையும் வந்தது. வாசல் காவலருக்குப் புள்ளி. நடைபாதையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குக்கூட, அது நீண்டகாலம் விடாமல் சொட்டியதைப் பாராட்டி, பெயர்ப்பலகையில் புள்ளி வைத்தார்கள். புகார் சாருக்குக் குழாயைப் பார்த்தும் பொறாமை வந்தது. கை கழுவப் போகும்போதெல்லாம் அந்தப் புள்ளியை முறைத்துவிட்டுப் போவார்.

இதற்கிடையில் அவருடைய போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது.

"சார், தண்ணி டீ கலர்ல வருது."

"புகார்ப் பிரிவுல குறிச்சுக்கறோம்மா. ஆனா அது தொட்டி விஷயம். தொட்டிப் பிரிவுக்குப் பேசுங்க."

"சார், மீட்டர் ஓடுது, தண்ணி வரல. காத்துதான் வருது."

"அதுக்குத்தான் மீட்டர் பிரிவு இருக்கே. அங்க கூப்பிட வேண்டியதுதானே?"

"தேடினேன் சார். 'மீ' அடிச்சா யாரும் வரல. 'வா' அடிச்சேன், 'தொ' அடிச்சேன், 'கு' அடிச்சேன். எல்லா எழுத்தையும் அடிச்சுப் பாத்துட்டேன். 'பு'வுக்கு மட்டும்தான் சார் ஆள் இருக்கு."

விஷயம் சாதாரணம். எழுத்தை அடித்தால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் வரும். ஆனால் வாரியத்தில் புகார்ப் பிரிவைத் தவிர எந்தப் பெயரும் இப்போது எழுத்தில் தொடங்கவில்லை. எல்லாம் பூவிலும் குடையிலும் தொடங்கின. பொதுமக்களின் செல்போனில் க இருந்தது, ச இருந்தது, குடைக்கு ஒரு விசையும் இல்லை. ஆக, ஊர் மொத்தத்துக்கும் குடிநீர் வாரியம் என்றால் புகார் சார் ஒருவர்தான் என்று ஆகிப்போனது.

வேறு யாராவது இருந்தால் இதில் ஒரு பெருமை இருப்பதைக் கண்டிருப்பார்கள். புகார் சாருக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு ஜன்னலோரத்தைப் பார்ப்பார். அங்கே மீட்டர் சார் நட்சத்திரத்தோடு, சத்தமில்லாத மின்விசிறிக்குக் கீழே, சும்மா உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார். ஊர் உலகமே தன்னை அழைக்கிறதே என்று இவர் பூரிக்கவில்லை. சகலையை ஒருவரும் அழைக்கவில்லையே, கொடுத்து வைத்தவன் என்றுதான் புகைந்தார்.

"உங்களுக்குப் போனே வர்றதில்லையா சகலை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"நட்சத்திரம் வந்ததிலிருந்து ஒண்ணுகூட வரல. ஜனங்க குறையில்லாம இருக்காங்க போல" என்றார் மீட்டர் சார், நகத்தை ஊதிக்கொண்டே.

இந்த வார்த்தை அலங்கார அதிகாரியின் காதுக்குப் போனது. அவர் அதைத் தலைவரிடம் கொண்டுபோனார். நட்சத்திரம் வைத்த பிறகு மீட்டர் பிரிவைப் பற்றி ஒரு புகாரும் இல்லை, அலங்காரமில்லாத பிரிவுக்கோ புகார் மலையாகக் குவிகிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? மீட்டர் பிரிவு முன்மாதிரிப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. மீட்டர் சாருக்கு இறக்கை.

விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மாமனார் முதல் வரிசையில் மூத்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புகார் சார் மனைவியோடு பின்னால் தூணோரம் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனுக்குக் குசுகுசுவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் பேசினார்.

"தண்ணி யாரு வேணா குடுக்கலாம். மேகம்கூடத்தான் குடுக்குது. மேகத்தை யாராவது மதிக்கிறாங்களா? மரியாதைய ஒரு நிறுவனம்தான் குடுக்க முடியும். ஒரு காலத்துல நம்மை யாரு வேணா, எப்ப வேணா, ஒரு எழுத்தைத் தட்டிக் கூப்பிடலாம்ங்கற நிலைமை இருந்துது. சொல்லவே கூசுது. இன்னிக்கு நம்மைத் தேடினாலும் கிடைக்க மாட்டோம். அந்த உயரத்துக்கு வந்திருக்கோம்."

கைதட்டல் அடங்கியதும் விளக்கை அணைத்து, மீட்டர் சாரின் புதுப் பெயரைப் பெரிய திரையில் போட்டார்கள். மண்டபத்துக் கணினி பழையது. இறக்கை அதற்குப் பரிச்சயமில்லை. தெரியாத குறி வந்தால் வெறுங்கட்டம் போடுவது அதன் பழக்கம். திரையில் □ மீட்டர் பிரிவு □ என்று வந்தது.

மண்டபம் ஒரு கணம் விழித்தது. புகார் சாருக்கு அந்த ஒரு கணம் போதும். மனைவியின் கையை அழுத்தி, "பாத்தியா? இறக்கையாம் இறக்கை. ரெண்டு பெட்டி" என்றார்.

தலைவர் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். "தகுதி உள்ளவங்க கண்ணுக்கு இறக்கை தெரியும். மத்தவங்களுக்குக் கட்டம் தெரியும்."

முதல் வரிசையில் மாமனார் துள்ளி எழுந்து, "ஆகா, என்ன இறக்கை!" என்று கை தட்டினார். பிறகு மண்டபம் மொத்தமும் தட்டியது. கட்டம் தெரிகிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. புகார் சாரின் மனைவி கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இறக்கையோட இறகு ஒவ்வொண்ணும் தெரியுதுங்க. உங்களுக்குத்தான் கட்டம் தெரியுதா?" என்று கேட்டாள். மறுநாள் வால்வு சார் பூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீட்டர் சாருக்குக் கொடுத்த மாதிரி கட்டம் வேண்டும் என்று விண்ணப்பித்தார்.

கட்டமாக இருந்தாலும் அது சகலையுடைய கட்டம் அல்லவா? புகார் சாருக்கு வாழ்க்கையே கசந்தது. ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி கிடைத்தால்கூடப் போதும் என்று இறங்கி வந்துவிட்டார்.

அப்போதுதான் குழாய் வெடித்தது. ஊரின் பெரிய குழாய், அதுவும் தலைவர் வீட்டுத் தெருவில், தலைவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த வேளையில். தண்ணீர் வாசற்படி ஏறி, கூடத்துக்குள் வந்து, சோபாவை அலுங்காமல் தூக்கியது. தலைவர் சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு செயலியைத் திறந்தார். வாரியத்தில் யாருடைய எண்ணையும் யாரும் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் செயலி வழியாகத்தான் என்று உத்தரவு போட்டவர் அவரே. 'வா' அடித்தார். வால்வுப் பிரிவு வரவில்லை. 'கு' அடித்தார். குழாய்ப் பிரிவு வரவில்லை. பெயர்ப் பட்டியலைத் தள்ளிப் பார்த்தார். ஒன்றுக்கு நாலாகச் சேர்ந்துவிட்ட குறிகள் திரையை அடைத்துக்கொள்ள, மேலிருந்து கீழ் வரை பூவும் குடையும் கட்டமுமாக இருந்ததே தவிர எதற்குப் பின்னால் எந்தப் பிரிவு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு சந்தேகம் வந்து 'த' அடித்தார். தலைவரும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு இத்தனை நாளாகத் தான் இல்லாமலே இருந்திருப்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

கடைசியில் 'பு' அடித்தார்.

"புகார்ப் பிரிவு. சொல்லுங்க" என்றது குரல்.

"யோவ், வால்வை மூடச் சொல்லுய்யா! சோபா மிதக்குது!"

புகார் சார் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அங்கே தன் கட்டத்தை ரசித்துக்கொண்டிருந்த வால்வு சாரின் தோளைத் தட்டி, "தலைவர் வீட்ல வெள்ளம். மூடுங்க" என்றார். வால்வு சார் ஆளனுப்பி மூடினார். தண்ணீர் வடிந்தது. சோபா இறங்கியது, வேறு இடத்தில்.

தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். புகார் சாருக்கு நேரில் வரச்சொல்லித் தகவல் வந்தது. மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், கல்யாணத்துக்கு வாங்கிய வாசனைத் திரவியத்தைத் தேடி எடுத்தாள்.

"இறக்கையேதாங்க குடுப்பாங்க. சோபாவையே காப்பாத்தியிருக்கீங்களே" என்றாள். "எங்கப்பாகிட்ட சொல்லிடவா?"

"வந்தப்புறம் சொல்லு" என்றார் அவர். ஆனால் போகும் வழியெல்லாம் இறக்கையோடு மாமனார் குழுவில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே போனார். வெறும் வணக்கம் போதாது என்று தோன்றியது.

கூட்டத்தில் தலைவர் அவரை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிறுத்தினார். அவருடைய தோளில் கை போட்டார். கீழே மீட்டர் சாரின் முகம் சுருங்குவதைப் புகார் சார் ஆசைதீரப் பார்த்தார்.

"ஆபத்து நேரத்துல நான் தேடினேன்" என்றார் தலைவர். "பூ வரல. குடை வரல. வந்தது எது? ஒரு வெறும் பேரு. ஒரு புள்ளி இல்ல, ஒரு கோடு இல்ல. கண்ணு கலங்கிப்போச்சு எனக்கு. இதைவிட உசந்த அலங்காரம் ஏது? இவ்வளவு உசந்த ஒண்ணை இத்தனை நாளா ஒரு சாதாரணப் பிரிவுக்கிட்ட எப்படி விட்டு வெச்சிருந்தோம்னு நெனச்சா, எனக்கு வெக்கமா இருக்கு."

புகார் சாருக்குக் கடைசி வாக்கியம் பாதிதான் புரிந்தது. மீதியை அலங்கார அதிகாரி எழுந்து வாசித்தார். இன்று முதல் வெறும் பெயரே வாரியத்தின் தலையாய மரியாதை. அது தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் மட்டுமே உரியது. முன்மாதிரிப் பிரிவு என்ற முறையில் மீட்டர் பிரிவுக்கும் உண்டு. மற்றவர்கள் தகுதிக்கேற்ப ஒவ்வொரு குறியாகக் கழற்ற விண்ணப்பிக்கலாம். வெறும் பெயரை இதுவரை பத்திரமாகப் பாதுகாத்து ஒப்படைத்த புகார்ப் பிரிவுக்கு நன்றி. மேலே இருப்பவர்கள் கழற்றிப்போட்ட அலங்காரங்களை வீணாக்கக் கூடாது என்பதால், அவை அனைத்தும் புகார்ப் பிரிவுக்கே வழங்கப்படுகின்றன.

எல்லாம் வந்தது. இறக்கை வந்தது, நட்சத்திரம் வந்தது, பூ வந்தது, தலைவரின் கிரீடமும் வந்தது. ஏற்கெனவே பழக்கப்பட்டவர் என்பதால் மறைந்தவர்களுக்கான பூவும் கூடவே வந்தது. செயலியில் அந்தப் பெயரின் தொடக்கம் மட்டும்தான் தெரிந்தது. ꧁♛★✿❀ என்று போய்த் திரை தீர்ந்துவிட்டது. புகார் என்ற சொல் அதற்கப்பால் எங்கோ இருந்தது.

அன்றிலிருந்து அவருடைய போன் அடிக்கவில்லை. மேசையில் சும்மா கிடந்தது. நகம் வெட்டலாம் என்று பார்த்தால், எல்லா நகத்தையும் கடித்துத் தீர்த்திருந்தார். ஜன்னலோரத்தில் மீட்டர் சார் இரண்டு காதிலும் மாறி மாறி போனை வைத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, "சொல்லுங்கம்மா, சொல்லுங்க சார்" என்று ஊருக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமுடிகூடக் கொஞ்சம் கலைந்திருந்தது. அதுவும் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் போனது. ஒரு சாயந்திரம் புகார் சார் வீட்டுக்கு வந்தபோது மனைவி காலிக் குடத்தோடு குழாயடியில் நின்றாள்.

"காலையிலேர்ந்து தண்ணி வரல" என்றாள். பிறகு அவருடைய போனை எடுத்து ஒரு பார்வை பார்த்தாள். "அத்தான் பேரைப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. ஊரே அவரைத்தான் கூப்பிடுதாம், அக்கா சொன்னா. உங்க பேருக்கு எதுக்குங்க இவ்வளவு குப்பை?"

அவர் போனை வாங்கிக்கொண்டார். செயலியைத் திறந்தார். சகலைதானே என்று நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை, பொதுஜனமாகவே போவோம் என்று நினைத்தார். 'வா' அடித்தார், வரவில்லை. 'கு' அடித்தார், வரவில்லை. 'பு' அடித்துப் பார்த்தார். தானே இல்லை. தலைவரையோ துணைத் தலைவரையோ கூப்பிட யாருக்குத் துணிச்சல் வரும்? மிச்சமிருந்தது ஒரே எழுத்து. அதை அடித்தார்.

"மீட்டர் பிரிவு. சொல்லுங்க."

"தண்ணி வரல."

"எங்க?" என்றது குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு, "யாரு, சகலையா?" என்று கேட்டது.

"ஆமா."

"அடடா. பதிஞ்சுடறேன் சகலை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பேரு முழுசா சொல்லணும். ஒண்ணு விட்டாலும் செயலி ஏத்துக்க மாட்டேங்குது."

புகார் சார் மனைவியைப் பார்த்தார். மனைவி குடத்தை இடுப்பு மாற்றினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல்ல ஒரு இறக்கை."

"ம்."

"அப்புறம் கிரீடம். அப்புறம் நட்சத்திரம். அப்புறம் பூ."

"எந்தப் பூ?"

"சாதாப் பூ. அதுக்கப்புறம்..." அவர் மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "அந்த செத்தவங்க பூ."

"ம். எழுதிட்டேன். மேல சொல்லுங்க."

புகார் சார் போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். மறுமுனையில், சகலை வீட்டுக் குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.